மரங்கொத்திக்கு மெத்தையில்லை



மாம்புரித் தென்னந்தோட்டங்களில் காலைவேளையில் எழும் 'டொக் டொக்' ஓசை நமக்குப் புதியதல்ல. மரங்கொத்தி பட்ட மரத்தை ஓங்கி ஓங்கிக் கொத்துகின்றது. ஆயினும் அதன் மூளை கலங்குவதில்லை. ஏன்?

1976ஆம் ஆண்டிலேயே 'லான்செட்' மருத்துவ சஞ்சிகையில் இக்கேள்வி ஆராயப்பட்டது. அலகின் பின்னாலுள்ள கடற்பஞ்சு போன்ற எலும்பு அடியின் வேகத்தை உறிஞ்சிக்கொள்கின்றது என்றே பலரும் நம்பி வந்தனர். பொறியியலாளர் அதைப் பின்பற்றி அதிர்வு தாங்கும் கருவிகளையும் வடிவமைத்தனர். "மரங்கொத்திக்கு இறைவன் தலைக்கவசம் வைத்துப் படைத்தார்" என்று அடியேனும் பிரசங்கித்ததுண்டு. அது தவறு, இன்று திருத்திக்கொள்கிறேன்.

2022இல் பெல்ஜியத்தின் அன்ட்வேர்ப் பல்கலைக்கழக ஆய்வாளரும் அவர்தம் துணைவரும் மூன்று இன மரங்கொத்திகளை அதிவேகக் கமராவினால் படம்பிடித்து ஆராய்ந்தனர். அலகு எவ்வாறு சடுதியாக நிற்கின்றதோ, அவ்வாறே மண்டையும் நிற்கின்றது. இடையில் மெத்தை எதுவுமில்லை. இருந்தால் கொத்தின் வலு வீணாகிவிடும். பஞ்சு சுற்றிய சுத்தியலால் ஆணி அறைய முடியுமா?

அப்பறவையைக் காப்பது அதன் மூளையின் சிறுமையே. சிறிய மூளைக்குள் அதே அடியினால் எழும் அழுத்தம் குறைவு. அதன் மூளை சில கிராம் மாத்திரமே. நமது மூளையோ ஏறக்குறைய 1400 கிராம்! பறவைக்குப் பொருந்துவது நமக்குப் பொருந்தாது.

ஆகவேதான் நமக்குத் தலைக்கவசம் வேண்டும். மீன்பெட்டி செய்யும் ரெஜிபோம் போன்ற பொருளே அதனுள்ளும் இருக்கின்றது. விழும்போது அது நசுங்கித் தலையைச் சற்று மெதுவாக நிறுத்துகின்றது. ஒருமுறை பலமாக அடிபட்ட கவசம் மீண்டும் உதவாது.

ஆனால் நம் வாலிபர் செய்வதென்ன? கல்பிட்டி வீதியில் மோட்டார் சைக்கிளில் பறக்கும்போது கவசம் கைப்பிடியில் தொங்குகின்றது! "பக்கத்தில் கோவிலுக்குத்தானே, சுவாமி" என்கிறார்கள். பக்கத்து வீதியின் தார் மெதுமையானதா? பின்னால் அமர்ந்திருக்கும் மனைவிக்கும் பிள்ளைக்கும் தலையில்லையா?

அன்பர்களே, பறவைக்கு இறைவன் சிறிய தலையைக் கொடுத்தார். நமக்கு ஆராயும் அறிவைக் கொடுத்து, நம்மைக் காக்கும் பொறுப்பையும் நம்மிடமே ஒப்படைத்தார். அவ்வறிவைப் பயன்படுத்தாமல், "ஆண்டவர் காப்பார்" என்று சொல்வது விசுவாசமல்ல, அவரைச் சோதிப்பதாகும். கொலை செய்யாதிருக்கக் கட்டளை பெற்ற நாம் நமது உயிரையும் பேணக் கடமைப்பட்டவர்கள்.

அடுத்த ஞாயிறு திருப்பலிக்கு வரும்போது கவசத்தைத் தலையில் அணிந்து, வாரையும் பூட்டி வாருங்கள்.