நட்டவனும் காத்தவனும்

மரம் நடுவது தருமம். அதன் கனியை மனிதனோ பறவையோ உண்டால் நட்டவனுக்கு அது ஸதகா என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. அப்படியானால், தானாக முளைத்த கன்றைக் காப்பவனின் நிலை என்ன?

இலங்கையில் தம்புள்ளைக்கு அருகே ஒரு மரச்சோலை உண்டு. 1963இல் சாம் பொப்ஹம் என்ற ஆங்கிலேயர் அதைத் தொடங்கினார். சேனைப் பயிர் செய்து கைவிடப்பட்ட முட்புதர் நிலம் அது. வெளியிலிருந்து கன்றுகளைக் கொணர்ந்து நட்டு அவர் அங்கே காடு வளர்க்கவில்லை. புதரை அகற்றினார், அதனடியில் ஒளியின்றி நலிந்து நின்ற முதிரைக்கும் கருங்காலிக்கும் வழிவிட்டார். காடு தானே எழுந்தது.

எளிய வேலையென்று எண்ணிவிடாதீர்கள். எது முள், எது முதிரை என்று கத்திக்குத் தெரியாது. பிடித்த கைக்குத் தெரிய வேண்டும். அறியாத கை இரண்டையும் சேர்த்தே வெட்டும். நல்லெண்ணம் மட்டும் போதாது, அறிவும் வேண்டும் என்பதே அந்தச் சோலை புகட்டும் பாடம். மரங்களை இனம் கண்டு பெயர் சொல்லப் பிள்ளைகளைப் பழக்குவது வெறும் பொழுதுபோக்கல்ல.

நற்கூலியின் அளவை அல்லாஹ்வே அறிவான். ஆனால் நடுபவன் தன் கன்றை மட்டும் அறிந்தால் போதும். காப்பவனோ காட்டையே அறிய வேண்டும். அடுத்த முறை மையவாடியைத் துப்புரவு செய்ய அரிவாள் எடுக்குமுன், சற்றுக் குனிந்து பாருங்கள்: அங்கே யாரும் நடாத மரமொன்று காத்து நிற்கலாம்.