யாருடைய இரகசியம்?

“இதை வேறெவருக்கும் சொல்லமாட்டீர்கள்தானே?” உளவளத்துணை பயிலும் மாணவன் ஒருவன், தன்னை நாடி வந்தவரிடமிருந்து பெரும்பாலும் முதற் சந்திப்பிலேயே கேட்க நேரும் வினா இது. “சொல்லமாட்டேன்” என்ற விடை நாவின் நுனியில் நிற்கும். அதைச் சொன்னாற்றான் வந்தவர் மனந்திறப்பார் என்பதும் அவனுக்குத் தெரியும். ஆயினும் அது உண்மையன்று. அடுத்த வாரமே அவன் அக்கதையைத் தன் மேற்பார்வையாளர் முன் வைத்தாகவேண்டும். சில இடங்களிற் சக மாணவர் முன்னிலையிலும் வைக்கவேண்டும். தொழில்புரியும் உளவளத்துணையாளரின் அறச்சிக்கல்கள் பற்றி நிறையவே பேசப்படுகின்றது. பயிலுநனின் சிக்கலோ வேறு வகையினது. தன் கையில் முழுமையாக இல்லாத ஒன்றை வாக்களிக்குமாறு அவன் கேட்கப்படுகின்றான்.

மேற்பார்வை என்பது வெறுஞ் சடங்கன்று. 1940களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஒகையோ அரச பல்கலைக்கழகத்திற் கற்பித்த கார்ல் றொஜர்ஸ், உளவளத்துணை உரையாடல்களை ஒலித்தட்டுகளிற் பதிவுசெய்து மாணவரைப் பயிற்றுவித்தார். 1942இல் அவர் வெளியிட்ட நூலில் ஒருவருடைய சந்திப்புகள் அனைத்தும், பெயர் மாற்றப்பட்டு, சொல்லுக்குச் சொல் அச்சாகின. மாணவன் நினைவிலிருந்து சொல்வதை மட்டும் ஆசிரியர் நம்பியிருந்தால், அந்த நினைவு அவனுக்குச் சார்பாகவே சாட்சி சொல்லும். பதிவைக் கேட்கும்போதோ, எங்கே குறுக்கிட்டான், எங்கே கேளாமலே புத்திமதி சொன்னான் என்பவை வெளிப்பட்டுவிடும். பக்குவமடையாத கையிலிருந்து துணைநாடி வந்தவரைக் காப்பதும் இம்மேற்பார்வையே. ஆதலின், பகிர்தல் துரோகமாகாது. பகிரப்போவதை மறைத்தலே குற்றமாகும்.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். குற்றமற்ற நன்மையைத் தருமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தில் வைக்கத்தக்கதே என்பது வள்ளுவர் வாய்மை அதிகாரத்திற் கூறும் கருத்து. துன்பத்தில் உழல்பவரைப் பேசவைக்கும் சிறு பொய் அத்தகையதன்றோ? 1785இல் வெளிவந்த தமது அறவியல் நூலில், நிறைவேற்ற எண்ணாத வாக்குறுதியை அளிப்பவன் மற்றவரை வெறுங் கருவியாக்குகின்றான் என வாதிட்ட கான்ற் இதற்கு உடன்படார். ஆயினும் கான்றிடம் செல்லாமலே, வள்ளுவர் விதித்த நிபந்தனையைக் கொண்டே இதனை மறுக்கலாம். இப்பொய்யால் விளையும் நன்மை துணைநாடி வந்தவரை மட்டும் சேர்வதன்று. மாணவனுக்கு ஒரு பாடம் கிடைக்கின்றது. பயிற்சி ஏட்டில் ஒரு பக்கம் நிரம்புகின்றது. சொல்பவனுக்கும் ஊதியம் தரும் பொய்யைக் குற்றமற்ற நன்மையின் கணக்கில் எழுதுதல் கடினம்.

இரகசியத்தின் எல்லை எங்கே முடிகிறது என்ற வினாவைத் தரசோவ் வழக்கு உலகறியச் செய்தது. 1969இல் கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்லி வளாகத்தில் ஒரு மாணவன், தான் விரும்பிய பெண்ணைக் கொல்ல எண்ணியிருப்பதைத் தனக்குச் சிகிச்சையளித்த உளவியலாளரிடம் வெளியிட்டான். அவர் வளாகப் பொலிசாருக்கு அறிவித்தார். பொலிசார் அவனைப் பிடித்து விசாரித்து, தெளிவாகவே பேசுகின்றான் என விட்டுவிட்டனர். உளமருத்துவப் பிரிவின் தலைவர், மேற்கொண்டு நடவடிக்கை வேண்டாம் எனப் பணித்ததோடு, எழுதிய குறிப்புகளையும் அழிக்கச் சொன்னார். அந்தப் பெண்ணையோ பெற்றோரையோ எவரும் எச்சரிக்கவில்லை. ஒக்ரோபரில் அவள் கொல்லப்பட்டாள். ஆபத்துக்குள்ளாகும் மூன்றாமவரைக் காக்க நியாயமான கவனம் எடுத்தல் சிகிச்சையாளரின் கடமை என 1976இல் அம்மாநில உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இத்தகைய கடமை விதிக்கப்படின் நோயாளர் மனந்திறக்க அஞ்சுவர் என மாறுபட்ட நீதியரசரும் இருந்தார். அவருடைய அச்சத்தை எளிதில் ஒதுக்க முடியாது.

அவ்வுளவியலாளர் பயிலுநர் அல்லர். எனினும் மேலிடத்து முடிவு அவருக்கே தடையாயிற்று. அந்த நாற்காலியில் இருபத்திரண்டு வயது மாணவனை இருத்திப் பார்த்தால் இடர் விளங்கும். மேற்பார்வையாளர் “பொறுத்திரு” என்கிறார். அவன் மனமோ பொறுக்க மறுக்கிறது. கீழ்ப்படிதல் அவன் பொறுப்பைக் குறைக்கலாம். முற்றாகத் துடைத்துவிடும் எனச் சொல்வதற்கில்லை.

இலங்கை போன்ற சிறிய நாட்டில் வேறோர் இடரும் உண்டு. மாணவன் பெயரை மறைத்தே பேசுகின்றான் என்று கொள்வோம். “தகப்பன் கடை வைத்திருக்கிறார், மூத்த மகள் கனடாவில்” என்ற அளவிலேயே அருகிலிருப்பவருக்கு ஒழுங்கையும் வீடும் தெரிந்துவிடும். பெயர் நீக்கம் என்பது பெருநகரத்தார் கண்ட பாதுகாப்பு. ஊரும் உறவும் பின்னிக்கிடக்கும் இடத்தில் அது போதாது.

எல்லாவற்றினும் குறைவாகப் பேசப்படுவது இன்னொன்று. இரகசியம் பேணுகின்றேன் என்ற பெயரில் மாணவன் மறைப்பது பெரும்பாலும் தன் தவறையே. தான் சொல்லத்தகாததைச் சொல்லி ஒருவரை அழவைத்ததை அவன் குறிப்பில் எழுதுவதில்லை. கேட்கும் மேற்பார்வையாளரே புள்ளியும் இடுபவராயின், எழுதாததற்கு அவனை மட்டும் பழித்தல் நியாயமன்று. வழிகாட்டுபவர் ஒருவரும் மதிப்பிடுபவர் வேறொருவருமாக இருத்தல் நன்று. ஆசிரியர் பற்றாக்குறையான துறைகளில் இருவரும் ஒருவரே. அவரது அறைவாயிலில், எழுதிய பக்கத்தையும் எழுதாத பக்கத்தையும் சுமந்தபடி மாணவன் காத்து நிற்கின்றான்.