இஸபெல்லாவை எங்கே விட்டீர்கள்?

எமிலி பிராண்டேயின் ‘வுதரிங் ஹைட்ஸ்’ நாவலில் 34 அத்தியாயங்கள். நாயகி காதரின் 16ஆம் அத்தியாயத்திலேயே இறந்துபோகிறாள். மீதிக் கதையில் அவளுடைய காதலன் ஹீத்கிளிஃப் செய்வது பெரும்பாலும் பழிவாங்கல்தான். சிறுவயதில் தன்னை அடித்து வேலைக்காரனாக்கியவனின் மகன் ஹேர்ட்டனை எழுத்துவாசனையே இல்லாமல் வளர்க்கிறான். காதரினின் மகளை வீட்டுக்குள் பூட்டிவைத்து, சாகக் கிடக்கும் தன் மகனுக்குக் கட்டிவைக்கிறான். அந்தக் கல்யாணத்தின் வழியாகப் பக்கத்துப் பண்ணையும் அவன் கைக்கு வந்துவிடுகிறது. 1847இல் வெளிவந்த இந்தக் கதையை 1939இல் வில்லியம் வைலர் படமாக்கியபோது அடுத்த தலைமுறையை அடியோடு வெட்டிவிட்டார். செத்துப்போன காதலர்கள் பனியில் சேர்ந்து நடந்துபோவதோடு படம் முடிகிறது. ‘ட்வைலைட்’ வரிசையில் 2007இல் வந்த ‘எக்லிப்ஸ்’ நாவலில் ரத்தக்காட்டேரியைக் காதலிக்கும் பெண் திரும்பத் திரும்பப் படிப்பதும் பிராண்டேயின் இந்தப் புத்தகத்தைத்தான். அதையொட்டி ஒரு பதிப்பகம் அந்த வரிசையின் கறுப்பு அட்டையைப் போலவே ஓர் அட்டை போட்டு, அந்த ஜோடிக்குப் பிடித்த புத்தகம் என்று சொல்லி இதை விற்றது. பழைய கோதிக் நாவல்களைக் காதல் கதைகளாகத் திருப்பிச் சொல்வது இன்று ஒரு தனி வகையாகவே வளர்ந்துவிட்டது. திருப்பிச் சொல்லக் கூடாது என்று நான் சொல்லவில்லை. மூலத்துக்கு எவ்வளவு நெருக்கமாக இருக்கிறது என்று அளந்து பார்ப்பதிலும் எனக்கு அக்கறை இல்லை. அந்தக் காதலுக்காக அடிபட்டவர்கள் புதிய கதையில் இருக்கிறார்களா, இருந்தால் அவர்களுக்கு வாய் இருக்கிறதா என்பதே நான் கேட்கும் கேள்வி.

காதரினின் கணவனுடைய தங்கை இஸபெல்லா லிண்டனை எடுத்துக்கொள்வோம். ஹீத்கிளிஃபோடு அவள் வீட்டைவிட்டு ஓடிப்போகும் இரவில், தோட்டச் சுவரருகே ஒரு கொக்கியில் கைக்குட்டையால் கட்டி அவளுடைய சின்ன நாய் தூக்கில் தொங்குகிறது. அது கடைசி மூச்சில் இருக்கும்போது பணிப்பெண் நெல்லி அவிழ்த்துக் காப்பாற்றுகிறாள். தொங்கவிட்டவன் ஹீத்கிளிஃப். இஸபெல்லா அதைக் கண்ணால் பார்த்தாள், விட்டுவிடும்படி கெஞ்சினாள், அதன் பிறகும் அவனோடு போனாள். இதைப் பின்னால் அவனே நெல்லியிடம் ஏளனமாகச் சொல்லிக் காட்டுகிறான்: என்னைக் காதல் கதையின் நாயகன் என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டாள், எந்தக் கொடுமையும் அவள் கண்ணைத் திறக்கவில்லை என்பது அவன் பேச்சின் சாரம். ஹீத்கிளிஃபைக் காதல் நாயகனாகப் படித்த முதல் வாசகி நாவலுக்குள்ளேயே இருக்கிறாள். அந்த வாசிப்பு அவளை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதையும் பிராண்டே எழுதிவைத்திருக்கிறார். அவன் எறிந்த கத்தி காதுக்குக் கீழே கிழித்த காயத்தோடு, பனியில் ஓடிவந்து, கர்ப்பிணியாக அந்த ஊரைவிட்டே போகிறாள் இஸபெல்லா. இந்தப் பக்கங்களை எடுத்துவிட்டு ஹீத்கிளிஃபின் தவிப்பை மட்டும் வைத்துக்கொள்பவர்கள், நாவல் எச்சரித்த அதே இடத்துக்கு வாசகரைக் கூட்டிப்போகிறார்கள்.

கோதிக் நாவலின் பயத்தைப் பலர் இருட்டு, புயல், பேய் என்று அலங்காரமாகப் பார்க்கிறார்கள். அந்தப் பயத்துக்கு நடைமுறைக் காரணம் இருந்தது. இங்கிலாந்தில் மணமான பெண்களின் சொத்துரிமைச் சட்டங்கள் 1870இலும் 1882இலும்தான் வந்தன. அதுவரை தனி ஏற்பாடு எழுதிவைக்காத பெண்ணின் பணமும் பொருளும் கல்யாணத்தோடு கணவன் கைக்குப் போய்விடும். பிள்ளைகள்மீது தகப்பனுக்கே உரிமை. இஸபெல்லா செத்த பிறகு, அவள் ஒளித்து வளர்த்த மகனை அவன் மாமன் வீட்டுக்கு வந்த மறுநாளே ஹீத்கிளிஃப் வாங்கிக்கொள்கிறான். சட்டம் அவன் பக்கம் இருந்ததால் யாராலும் மறுக்க முடியவில்லை. இருட்டு மாளிகையும் பூட்டிய அறையும் இப்படிப்பட்ட வாழ்க்கையிலிருந்து வந்தவை. 1960களில் குவிந்த கோதிக் காதல் நாவல்களின் அட்டைகளில்கூட ஒரே ஒரு ஜன்னலில் விளக்கெரியும் மாளிகையைவிட்டு ஒரு பெண் ஓடிவந்துகொண்டிருப்பாள். அந்த நாவல்களைப் பற்றி 1973இல் எழுதிய ஜோனா ரஸ் தன் கட்டுரைக்கு, யாரோ என்னைக் கொல்லப் பார்க்கிறார்கள், அது என் கணவர்தான் என்று நினைக்கிறேன் என்ற பொருளில் தலைப்பு வைத்தார். பயம் அப்போதும் பாதி உயிரோடு இருந்தது. அதை முழுவதும் எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ‘டிராகுலா’ சாட்சி. பிராம் ஸ்டோக்கரின் 1897 நாவலில் டிராகுலா மீனாவின் பிடரியைப் பிடித்து அழுத்தித் தன் மார்பு ரத்தத்தைக் குடிக்கவைக்கிறான். மயங்கிய கணவன் பக்கத்திலேயே கிடக்கிறான். 1992இல் பிரான்சிஸ் ஃபோர்ட் கொப்போலாவின் படத்தில் மீனா அவனுடைய போன பிறவி மனைவி. அவளே விரும்பிக் குடிக்கிறாள். பலாத்காரம் சம்மதமாக மாறிவிட்டது. படம் கண்ணைப் பறிக்கும் அழகோடு இருப்பது எனக்கு வருத்தத்தைக் கூட்டவே செய்கிறது.

வாசகிகள் விவரம் தெரியாதவர்களா, கதை வேறு வாழ்க்கை வேறு என்று அவர்களுக்குத் தெரியாதா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. அமெரிக்காவில் காதல் நாவல் வாசகிகள் ஒரு குழுவினரிடம் பேசி ஜானிஸ் ராட்வே 1984இல் எழுதிய ஆய்வு, அவர்களை மதித்து எழுதப்பட்டது. நாளெல்லாம் குடும்பத்துக்காக உழைக்கும் பெண்களுக்குப் புத்தகம் கையில் இருக்கும் நேரமே தங்களுக்கான நேரம் என்று அவர் கண்டார். வன்முறை மிகுந்த கதைகளை அவர்கள் வெறுத்தார்கள் என்பதையும் பதிவுசெய்தார். ஆனால் அதே ஆய்வு இன்னொன்றையும் காட்டியது: நாயகன் முதலில் காட்டும் கடுமைக்கு, பழைய காயம், சொல்லத் தெரியாத அன்பு என்று கதை பிற்பாடு ஒரு விளக்கம் கொடுத்துவிடுகிறது. எனக்குக் கவலை தருவது இந்த விளக்கம்தான். ‘அடிக்கிற கைதான் அணைக்கும்’ என்று நம் வீடுகளில் எத்தனை பெண்களைச் சமாதானப்படுத்தித் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்! வாசகி ஏமாறமாட்டாள் என்றே வைத்துக்கொள்வோம். கதை அந்தச் சமாதானத்தை மறுபடியும் சொல்லத்தான் வேண்டுமா?

‘ஜேன் அயர்’ மூலமே காதல் கதைதானே, கல்யாணத்தில்தானே முடிகிறது என்ற மறுப்பு இதைவிட வலுவானது. அதை எழுதிய சார்லட் பிராண்டே காதலை மறுக்கவில்லை. அதற்கு நிபந்தனை வைக்கிறார். தான் மணக்கவிருந்த ரோசெஸ்டரின் முதல் மனைவி மாடியறையில் பூட்டப்பட்டிருப்பது தெரிந்ததும் ஜேன் அவனைவிட்டுப் போய்விடுகிறாள், பசியில் சாகும் நிலைவரை. பிறகு 20,000 பவுண்டு சொத்து வந்து, அதை உறவினர் மூவரோடு சமமாகப் பங்கிட்டு, சொந்தப் பணத்தோடு, தன் விருப்பத்தில் திரும்பி வருகிறாள். அப்போது ரோசெஸ்டர் பார்வையும் ஒரு கையும் இழந்தவன். இருவரும் ஏறக்குறையச் சமமான பிறகே கல்யாணம். இதிலும் ஒருத்தி விலை கொடுத்தாள் என்பது உண்மை. ஜமைக்காவிலிருந்து வந்த அந்த முதல் மனைவி பெர்த்தா கூரையிலிருந்து குதித்துச் சாகிறாள். நாவல் அவளைப் பேசவிடவே இல்லை. கரீபியத் தீவான டொமினிக்காவில் பிறந்த ஜீன் ரீஸ் அவளுக்காக எழுதினார். 1966இல், அவருடைய 76ஆம் வயதில் வெளிவந்த ‘வைட் சர்காஸோ ஸீ’யில் அந்தப் பெண்ணின் பெயர் அந்துவானெத், பெர்த்தா என்பது கணவன் சூட்டிய பெயர். இதில் மோகமும் இருக்கிறது, தேனிலவும் இருக்கிறது, சொத்து கைமாறுவதும் பெயர் பறிபோவதும் இருக்கின்றன. காதலைச் சொல்ல பயத்தை ஒளிக்க வேண்டியதில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. மறுபடைப்பு என்றால் இப்படி இருக்க வேண்டும்.

ஹீத்கிளிஃபின் காதலைப் படமாகப் பார்த்து உருகியவர்கள் நாவலின் 13, 14, 17ஆம் அத்தியாயங்களை மட்டுமாவது எடுத்துப் படியுங்கள். 13இல் இஸபெல்லாவின் கடிதம் இருக்கிறது. கல்யாணமான சில வாரங்களில், தான் கட்டிக்கொண்டது மனிதனைத்தானா என்று நெல்லியைக் கேட்டு அவள் எழுதியது.