ஆள் சேர்க்காதீர்கள்

நகையை அடகு வைத்த காசில் கிரிப்டோக் கொயின் வாங்காதீர்கள். வாங்கிவிட்டீர்களென்றால் அதற்குள் இன்னொருவரை இழுக்காதீர்கள். இரண்டில் எது பெரிது என்று கேட்டால் இரண்டாவதைத்தான் சொல்வேன். உங்கள் காசு போனால் அது நட்டம். பக்கத்து வீட்டாளின் காசை நீங்கள் கொண்டுபோய்த் தொலைத்தால் அது பாவம்.

வந்தாறுமூலையில் இதைச் சொல்ல வேண்டிய நேரம் இது. பல்கலைக்கழக வாசலடித் தேத்தண்ணீர்க் கடையிலும், செங்கலடி பஸ்ஸிலும், வட்ஸ்அப் குரூப்பிலும் பழைய பேச்சு திரும்பக் கேட்கிறது. "ரூபாயை நம்பாதே தம்பி, இன்னொரு தரம் விழும். டொலராக மாற்றிப் போடு, கொயினாக மாற்றிப் போடு."

பயப்படுகிறவர்களை நான் குறை சொல்லமாட்டேன். 2022 ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அரசாங்கம் கையை விரித்தது. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய்ச் சொச்சத்தில் நின்ற டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 வீதம், சாப்பாட்டுச் சாமானுக்கு மட்டும் 94.9 வீதம். வயலுக்குப் பசளை இல்லை, கடலுக்குப் போகிற போட்டுக்கு மண்ணெண்ணெய் இல்லை. வங்கிகள் நிரந்தர வைப்புக்கு 20 வீதத்துக்கு மேல் வட்டி கொடுத்த காலத்திலும் புத்தகத்தில் கிடந்த காசு தேய்ந்துகொண்டுதான் இருந்தது. அப்படி ஒரு வருடத்தைப் பார்த்த சனம் ரூபாயைச் சந்தேகிப்பதில் பிழையே இல்லை.

அந்தப் பயத்துக்கு ஒரு பாதையும் முன்னமே வெட்டிக் கிடந்தது. 2021 கடைசியில் வங்கிகள் டொலரை 203 ரூபாயில் கட்டிப்போட்டு வைத்திருக்க, உண்டியல்காரர் அதைவிடக் கூடக் கொடுத்தார். குவைத்திலும் கட்டாரிலும் நிற்கிற எங்கள் பெண்கள் அனுப்பிய காசு வங்கியை விட்டு உண்டியலுக்குத் திரும்பியது. 2020இல் 7.1 பில்லியன் டொலராக இருந்த வெளிநாட்டு உழைப்புப் பணம் 2022இல் 3.8 பில்லியனுக்கு இறங்கியது. வங்கிக்கு வெளியே காசு நகர்த்தப் பழகிய கைக்கு டொலரோடு கட்டிய கொயினான யூ.எஸ்.டி.ரி.யைப் போனில் வாங்குவது பெரிய தூரமில்லை. நாட்டின் கடன் ரூபாயை விழுத்த, அந்தக் கொயினின் ரூபாய் விலை தானாக ஏறியது. பலர் அதைக் கொயினின் வெற்றி என்று நினைத்தார்கள். உண்மையில் அவர்கள் கையிலிருந்த தாள்தான் இறங்கிக்கொண்டிருந்தது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அரசாங்கம் கையை விரித்த அன்று ஒருவர் ஒரு இலட்சம் ரூபாய்க்குப் பிட்கொயின் வாங்கினார் என்று வையுங்கள். டொலர் அப்போது சுமார் 320 ரூபாய். ஆகவே அவர் கையில் 312 டொலர். பிட்கொயின் விலை அன்றைக்கு 40,000 டொலர் அளவில். ஜூன் முடிவில் அது 20,000க்குக் கீழே. அவருடைய 312 டொலர் பாதியாகிவிட்டது. டொலர் 360 ரூபாய்க்கு ஏறியும் அவர் கையில் திரும்ப வருவது 56,000 ரூபாய் மட்டில். ரூபாய்க்குப் பயந்து ஓடியவர், ரூபாயை வைத்திருந்தவனைவிடக் கூட இழந்தார். இவர் வாங்கியது உண்மையான பிட்கொயின். மகிந்த ராஜபக்ச பதவி விலகிய அந்த மே 9ஆம் திகதிக் கிழமையிலேயே லூனா என்ற கொயின் கிட்டத்தட்டப் பூச்சியத்துக்குப் போனது. அதை வைத்திருந்தவர்களுக்கு அந்த 56,000கூட இல்லை.

இது எங்களுக்கு மட்டும் நடந்ததுமில்லை. 2013 மார்ச்சில் சைப்பிரசில் வங்கிகள் முறிந்து, வைப்பிலிருந்த காசிலேயே அரசு கை வைக்கப் போகிறது என்றதும் பிட்கொயினைச் சுற்றி ஒரே பரபரப்பு. மார்ச் நடுவில் 50 டொலருக்குக் கீழே இருந்தது ஏப்ரல் 10இல் 260ஐ எட்டியது. ஒரு கிழமைக்குள் 100க்குக் கீழே விழுந்தது. பயத்தில் ஓடி வருகிறவனுக்குத்தான் உச்ச விலையில் விற்பார்கள்.

"2024 டிசம்பரில் ஒரு இலட்சம் டொலரைத் தாண்டியதே, பொறுத்திருந்தவன் வென்றானே" என்று கெட்டிக்காரத் தம்பிமார் கேட்பார்கள். தாண்டியது உண்மை. ஆனால் தம்பி, பொறுத்திருக்க உங்களிடம் சும்மா கிடக்கிற காசு இருந்ததா? அடகுத் தவணை முடிந்தால் சங்கிலி ஏலத்துக்குப் போகும். குழு லோன்காரர் கிழமை தவறாமல் வாசலில் வந்து நிற்பார். நுண்கடனால் மட்டக்களப்புப் பெண்கள் பட்டது எங்கள் எல்லாருக்கும் தெரியும். கடன் வாங்கிச் சூதாடுகிறவனுக்கு இரண்டரை வருடம் காத்திருக்கிற வசதி கிடையாது.

இதையும்விட மோசமான ஒன்று இருக்கிறது. எங்கள் ஊர்களில் "கிரிப்டோவில் போட்டேன்" என்கிறவர்களில் எத்தனை பேர் உண்மையில் ஒரு கொயினை வாங்கினார்கள்? போனைத் திறந்து பாருங்கள். அப்பில் உங்கள் பெயர், கீழே பச்சை நிறத்தில் ஒரு தொகை, ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கூடும். முதலில் பத்தாயிரம் ரூபாய் எடுக்க விடுவார்கள். அதைக் காட்டித்தான் மச்சானையும் சேர்ப்பீர்கள். பெரிய தொகையை எடுக்க விட்ரோவை அமத்தினால் "வரி கட்டினால்தான் திறக்கும்" என்று ஒரு செய்தி வரும். கட்டினால் இன்னொரு கட்டணம். பிறகு குரூப்பில் கேள்வி கேட்டவரை வெளியே போடுவார்கள். கடைசியில் குரூப்பே இராது. அந்தப் பச்சைத் தொகைக்குப் பின்னால் கொயினும் இல்லை, சந்தையும் இல்லை. உங்களுக்குப் பிறகு வந்தவரின் காசு மட்டும்தான் இருந்தது.

நெருக்கடி நேரத்தில் இந்த நாடு முழுக்க ஓடிய ஸ்போர்ட்ஸ் செயினும், அதற்குப் பின் ஒன்மெக்ஸ் டி.ரி.யும் தடைசெய்யப்பட்ட பிரமிட் திட்டங்கள் என்று மத்திய வங்கி பெயர் சொல்லியே அறிவித்தது. 1988ஆம் ஆண்டு 30ஆம் இலக்க வங்கித்தொழில் சட்டத்தின் 83சி பிரிவு இவற்றை நடத்துகிறவரை மட்டும் பிடிக்கவில்லை, ஊக்குவிப்பதும் குற்றம்தான். "நான் சும்மா லிங்க் அனுப்பினேன்" என்று அங்கே சொல்லித் தப்ப முடியாது.

இந்த நாட்டைக் கடனில் தள்ளியவர்கள் செய்ததும் என்ன? பழைய கடனைக் கட்டப் புதுக் கடன் எடுத்தார்கள், எல்லாம் நன்றாகத்தான் போகிறது என்று சனத்துக்குச் சொன்னார்கள். பொதுமக்கள் தங்கள்மேல் வைத்த நம்பிக்கையை அவர்கள் மீறினார்கள் என்று உயர் நீதிமன்றம் 2023 நவம்பர் 14இல் தீர்ப்புச் சொன்னது. அந்தச் செய்தியைப் பகிர்ந்து அவர்களைத் திட்டிய அதே போனில்தானே அக்காவுக்கு லிங்க் அனுப்புகிறோம்? அவர்கள் எங்களுக்குச் செய்ததை நாங்கள் அக்காவுக்குச் செய்கிறோம். தொகை சிறிது என்பதால் செய்த வேலை வேறாகிவிடாது.

அக்கா என்று வெறும் வாய்க்குச் சொல்லவில்லை. எங்கள் பகுதியில் வீடும் வளவும் பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போகிறது; உறுதி அவள் பெயரில். அந்த உறுதியை ஈடு வைக்கச் சொல்லிக் கேட்கிறவன் புருசனாக இருப்பான், தம்பியாக இருப்பான். தாய் கட்டிக் கொடுத்த, அல்லது அவளே குவைத்தில் ஆறேழு வருடம் அடுப்படியில் நின்று கட்டிய வீடு அது. யாரோ ஒரு ஸூம் கூட்டத்தில் கோட் போட்டவன் சொன்னதை நம்பி அதில் கையெழுத்துக் கேட்காதீர்கள். தங்கச்சிமாரே, கேட்டாலும் போடாதீர்கள். வீட்டில் ஒரு கிழமை சண்டை வந்தால் வரட்டும்.

பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்கும் ஒரு சொல். ஊரில் உங்கள் பேச்சுக்கு ஒரு மதிப்பு இருக்கிறது. கம்பஸ் பிள்ளை சொன்னால் சரியாக இருக்கும் என்று வயல்காரர் நம்புகிறார். ஆள் பிடிக்கிறவர்கள் உங்களைத் தேடி வருவதும் அதனால்தான். மகாபொலக் காசை நீங்கள் தொலைத்தால் ஒரு மாதம் கஷ்டம். உங்கள் முகத்தை நம்பி அவர் அறுவடைக் காசைப் போட்டால் அடுத்த பெரும்போகத்துக்கு விதைநெல்லுக்கும் அவர் கடன்பட வேண்டும். உங்களுக்குத் தெரிந்ததை அவருக்குச் சொல்லிக் கொடுங்கள். பதிவான வங்கியில் போட்ட காசுக்கு 11 இலட்சம் ரூபாய் வரை வைப்புக் காப்புறுதி இருக்கிறது, கொயினுக்கு ஒரு சதமும் இல்லை என்பது எங்கள் வட்டைக்காரர் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஏற்கெனவே ஆள் சேர்த்தவர்களே, இன்றைக்கே நிறுத்துங்கள். வருகிற ஞாயிறு கூட்டத்துக்கு யாரையும் கூப்பிடாதீர்கள். நீங்கள் சேர்த்தவர்களின் பெயரை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொருவர் வீட்டுக்கும் நேரே போய், மேற்கொண்டு போடவேண்டாம் என்று சொல்லுங்கள். வட்ஸ்அப்பில் சொல்லி ஒளிக்க வேண்டாம். அவர்கள் போட்டதால் உங்களுக்கு வந்த கொமிஷனைத் திருப்பிக் கொடுங்கள். செலவழிந்துவிட்டதென்றால் மாதம் இவ்வளவு என்று பேசித் தீருங்கள். வங்கிச் சிட்டைகளையும் மெசேஜ்களையும் அழிக்காதீர்கள். அவற்றை எடுத்துக்கொண்டு, ஏமாந்தவரையும் கூட்டிக்கொண்டு பொலிசுக்குப் போங்கள். மத்திய வங்கியில் கேட்க வேண்டுமென்றால் 1935க்கு அடியுங்கள். வெட்கத்தில் வாய் மூடி இருக்கிற ஒவ்வொரு நாளும் அந்த அப்பில் இன்னொருத்தியின் சங்கிலிக் காசு ஏறுகிறது.