முளைகட்டிய கேழ்வரகும் ஒரு வினாவும்

சென்ற கோடையில் சில நாட்கள் தர்மபுரியில் நம் உறவினர் இல்லத்தில் தங்கியிருந்தோம். வந்தவாசிப் பக்கத்திலிருந்து அரசுப் பணி நிமித்தம் இரண்டு தலைமுறைக்கு முன் அங்குக் குடியேறிய குடும்பம் அது. இல்லத்துப் பாட்டியார் எண்பதை நெருங்கியவர். இரவுணவை விலக்குதல், நீரை வடிகட்டிப் பருகுதல் முதலிய ஒழுக்கங்களில் இன்றளவும் தளராதவர். கொள்ளுப்பேரக் குழந்தையின் கஞ்சி மாவிற்காக அவர் கேழ்வரகை ஊற வைத்து, நீரை வடித்து, ஈரத்துணியில் முடிந்து வைத்திருந்தார். இரண்டாம் நாள் வெண்முளை கண்டதும் முறத்தில் பரப்பி நிழலில் உலர்த்தத் தொடங்கினார். ஜெர்மனியில் உணவுத் தொழில்நுட்பம் பயின்று வரும் அவருடைய பேரர் விடுமுறைக்கு வந்திருந்தார். அவர் அதனைப் பார்த்துச் சிரித்து, "பாட்டி, நீங்கள் பாதி பீர் செய்து முடித்துவிட்டீர்கள், தெரியுமா?" என்றார்.

பாட்டியார் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டார்.

இளைஞர் சொன்னதில் பொய்யில்லை. தானியத்தை ஊற வைத்து முளைகட்டி உலர்த்துவதே பீர் செய்முறையின் முதற்படி. மேலை நாடுகளில் அதற்குப் பார்லியைக் கொள்வர். கேழ்வரகும் அதற்கு ஏற்றதே. நேபாளத்திலும் சிக்கிமிலும் கேழ்வரகை நொதிக்க வைத்துத் தோங்பா என்னும் பானம் செய்கின்றனர். கிழக்கு ஆப்பிரிக்காவிலும் கேழ்வரகு பீர் உண்டு. முளைக்கும் தானியம் தன் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றிக் கொள்வதற்கான பொருள்களைத் தானே சுரந்து வைத்துக் கொள்கிறது. முளைத்த மாவின் கஞ்சி குழந்தைக்கு எளிதில் செரிப்பது இதனால்தான். பீர் செய்பவரும் இதனையே பயன்படுத்துகிறார். முளைதானியத்தை உடைத்து 65 பாகை வெப்பநிலையை ஒட்டிய நீரில் ஒரு மணி நேரம் வைத்திருந்தால் இனிப்பு நீர் இறங்கும். அதனை ஹாப்ஸ் என்னும் கொடியின் பூவோடு கொதிக்க வைத்து, ஆற்றி, ஈஸ்டு சேர்த்து மூடி வைத்தால் ஒன்றிரண்டு வாரங்களில் சர்க்கரை சாராயச் சத்தாகவும் கரியமில வாயுவாகவும் பிரிந்துவிடும். பிறகு சிறிது சர்க்கரையுடன் புட்டியில் அடைத்து மேலும் இரண்டு வாரம் வைத்தால் நுரை பிடிக்கும்.

இவ்வளவு துல்லியமாகச் சொல்கிறாரே என்று வினவியபோது, இளைஞர் சிறிது தயங்கிப் பின் ஒளிக்காமல் கூறினார். தாம் தங்கியிருக்கும் விடுதியில் நண்பர்களோடு சேர்ந்து இதனைக் கற்றுக்கொள்ளத் தொடங்கியதாகவும், ஒரு துளியும் தாம் பருகியதில்லை என்றும், நீரின் அடர்த்தியை அளக்கும் மிதவைமானியைக் கொண்டே பதம் பார்த்ததாகவும் சொன்னார். முதல் முயற்சி புளித்துக் கெட்டது. இரண்டாம் முறை 20 லிட்டர் நன்றாக அமைந்தது. "நான் குடிக்கவில்லை, கற்றேன், அவ்வளவே. பாட்டியின் கூழும் புளிக்கிறது, இட்லி மாவும் புளிக்கிறது. இதில் மட்டும் பாவம் எங்கிருந்து வந்தது?" என்பது அவர் வினா.

இந்த வினாவைச் சினந்து ஒதுக்கிவிடுவது எளிது. நம் இல்லங்கள் பலவற்றிலும் அவ்வாறே ஒதுக்குகிறோம். பிள்ளைகள் பிறகு நம்மிடம் கேட்பதை நிறுத்திவிடுகிறார்கள். எனவே சற்று நின்று எண்ணிப் பார்ப்போம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். தர்மபுரியில் அவர் இதனைச் செய்திருந்தால் அது சட்டப்படி குற்றம். இங்கிலாந்தில் 1963 முதல் வீட்டில் உரிமமின்றி பீர் செய்துகொள்ளலாம். அமெரிக்காவில் 1978ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு வழி செய்தது. நம் மாநிலத்தின் 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் உரிமமின்றி மது செய்வதைத் தடுக்கிறது. அச்சட்டம் முதன்முதலில் நடைமுறைக்கு வந்ததும் இந்த மண்ணில்தான். 1937 அக்டோபர் 1ஆம் நாள் ராஜாஜி தலைமையிலான அமைச்சரவை சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியபோது தர்மபுரியும் கிருஷ்ணகிரியும் ஓசூரும் அம்மாவட்டத்திலேயே அடங்கியிருந்தன. நம்மவர் மிகுதியாக வாழ்ந்த வட ஆர்க்காட்டிற்கு அது 1939இல் வந்தது. கள், சாராய வருவாய் போய்விடுமே என்றவர்களுக்கு விடையாக அதே 1939இல் விற்பனை வரி கொண்டுவரப்பட்டது. பின்னர் 1971இல் மதுவிலக்கு தளர்ந்தது. 1983இல் டாஸ்மாக் நிறுவனம் தோன்றியது. 2003 முதல் சில்லறைக் கடைகளையும் அதுவே நடத்துகிறது. விற்பனை வரியோ பெயர் மாறி நின்றுவிட்டது. இழப்பை ஈடுசெய்ய வந்த வரியையும், இழப்பே இன்றி வரும் மது வருவாயையும் சேர்த்துப் பெறும் விந்தையை என்னென்பது!

சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். இளைஞர் கேட்டது அறத்தைப் பற்றி. நம் ஆசாரியர்கள் என்ன சொல்கிறார்கள்? காஞ்சியோடு தொடர்புபடுத்தப்படும் சமந்தபத்திரர் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் இல்லறத்தாரின் எட்டு மூலகுணங்களை வகுத்தபோது, ஐந்து அணுவிரதங்களோடு கள், ஊன், தேன் மூன்றையும் விலக்குதலைச் சேர்த்தார். ஏறத்தாழ 10ஆம் நூற்றாண்டினரான அமிர்தசந்திரர் புருஷார்த்த சித்தியுபாயத்தில் இதற்கு இரு காரணங்கள் காட்டுகிறார். மது மனத்தை மயக்குகிறது. மயங்கியவன் அறத்தை மறக்கிறான். மறந்தவன் கூசாமல் கொல்கிறான் என்பது ஒன்று. மதுவே எண்ணற்ற நுண்ணுயிர்களின் பிறப்பிடம், அதனைப் பருகுவோர் அவற்றை அழிக்கின்றனர் என்பது மற்றொன்று.

இரண்டாவது காரணத்தைக் கேட்டதும் நம்மவர் பலர் மார்தட்டுவதைக் கண்டிருக்கிறோம். லூயி பாஸ்டர் 1857 முதல் ஆய்ந்து, நொதித்தல் உயிர்களின் செயல் என்று நிறுவுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே நம் நூல்கள் அதனைக் கூறிவிட்டன என்பர். பெருமைக்குரியதுதான். ஆனால் அந்தப் பெருமை நம்மை எங்குக் கொண்டுபோய் நிறுத்துகிறது என்பதையும் பார்க்க வேண்டும். பீர் செய்யச் சேர்க்கும் ஈஸ்டு ஒரு மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ ஒரு கோடி அணுக்கள் என்றால், பத்து லிட்டருக்குப் பத்தாயிரம் கோடி. நன்கு பொங்கிய இட்லி மாவிலோ ஒரு கிராமிலேயே கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் உள்ளன. ஒரு தட்டு இட்லியை ஆவியில் வைக்கும்போது அத்தனையும் மடிகின்றன. கேழ்வரகு மாவைக் கரைத்து இரவு முழுதும் புளிக்க வைத்து, மறுநாள் நொய்யோடு காய்ச்சும் கூழும் அவ்வாறே. எண்ணிக்கையைக் கொண்டு மட்டும் கோடு கிழித்தால் அக்கோடு நம் சமையலறையின் நடுவே போகும். இதை நாம் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஒருநாள் கடந்த உணவைத் தொடாத விரதியர் இக்கோட்டின் அப்பால் நிற்கத் தகுதி பெற்றவர். மாவரைத்து வைத்துவிட்டு உறங்கும் நம் போன்றோர் பீரிலுள்ள உயிர்களுக்காக மட்டும் கண்ணீர் வடித்தால் இளைஞர் சிரிக்கத்தான் செய்வார்.

ஆகவே முதற்காரணத்திற்குத் திரும்புகிறோம். அமிர்தசந்திரர் அதனை முதலில் வைத்தது தற்செயலன்று என்றே நமக்குத் தோன்றுகிறது. தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அதிகாரத்தில் உமாசுவாமிகள் இம்சையை வரையறுக்கும்போது, உயிர் பிரிவதை மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. பிரமாதத்தோடு கூடிய செயலால் உயிர் பிரிவதையே இம்சை என்கிறார். பிரமாதம் என்பது விழிப்பின்மை, சோர்வு, ஆசையால் வரும் அசட்டை. நடக்கையில் நிலம் நோக்கி நடப்பதும், நீரை வடிகட்டுவதும், பொழுது சாயுமுன் உண்பதும் இந்த விழிப்பைப் பழக்குவதற்கே. இல்லறத்தான் நுண்ணுயிர்க் கொலையை முற்றும் நீக்க இயலாது. அடுப்பெரித்தல், மாவரைத்தல் முதலியவற்றில் நேர்வதை ஆரம்பி இம்சை எனத் தனியே பிரித்து, அதனைக் குறைத்துக்கொண்டே வருமாறு நூல்கள் பணிக்கின்றன. கூழ் அந்த வகையைச் சேர்ந்தது. அது புளிப்பது பெரும்பாலும் பால் புளிப்பதைப் போன்றது. உண்டவன் அறிவு கலங்குவதில்லை. பீரில் நிகழும் இம்சையின் அளவு ஒருவேளை கூழை ஒத்ததாகவே இருக்கலாம். ஆனால் அது எதற்காகச் செய்யப்படுகிறதோ அந்தப் பயனே விழிப்பைத் தளர்த்துவது. சிறிதளவே தளர்த்தும், விருந்தினிடையே மனம் மகிழ்விக்கும் என்பர். எல்லா விரதங்களையும் தாங்கி நிற்கும் தூணில் சிறிதளவே அரித்தால் போதுமென்று யார் சொல்ல முடியும்?

இதை இளைஞர் மறுக்கவில்லை. "அதனால்தானே நான் குடிக்கவில்லை" என்றார். கற்பதற்காகச் செய்தேன் என்ற அவர் வாதம் இங்கேதான் உண்மையில் தொடங்குகிறது.

செய்தல், செய்வித்தல், உடன்படல் என வினை மூவகையாலும் வந்து ஒட்டும் என்பது நம் சிறுவர்களும் அறிந்த பாடம். ஆனால் பாடமாக அறிவது வேறு. அந்த 20 லிட்டரை என்ன செய்தீர் என்று கேட்டோம். நண்பர்கள் ஐவர் இரண்டே இரவுகளில் குடித்து முடித்தார்களாம். அவர்களுள் ஒருவர் மறுநாள் காலைத் தேர்விற்கு எழவில்லை. எழுப்பியபோது, உன் பீர் நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாராம். "அதற்குப் பிறகு நான் அந்தக் கலத்தைத் தொடவில்லை" என்று இளைஞர் தாழ்ந்த குரலில் கூறினார். நாம் நூல்களைப் புரட்டித் தேடிய விடையை அவர் முன்னமே பெற்றிருந்தார். பெற்றது சரிதானா என்றறியவே நம்மைச் சீண்டியிருக்கிறார்.

கற்றல் என்பதற்கும் ஒரு சொல் சொல்ல வேண்டும். நொதித்தலைக் கற்பது குற்றமன்று. மருந்தும் உணவும் அந்த அறிவால் விளைகின்றன. வீட்டில் பீர் செய்யும் பெருமக்களுக்காகவும் ஒன்று கூறிவிடுவோம்: 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோரைப் பலி கொண்ட மெத்தனால் கலந்த சாராயத்தையும், தூய்மையாகக் கலம் கழுவி அளந்து செய்யும் பீரையும் ஒன்றெனச் சொல்வது நேர்மையாகாது. அச்சுறுத்தலால் அறம் நிலைக்காது. ஆயினும் சமந்தபத்திரர் அநர்த்ததண்டம் என்றொரு வகையை வைத்தார்: எவருடைய பசியும் தீராத, எக்கடமையும் நிறைவேறாத, வெறும் பொழுதுபோக்காக விளையும் தீங்கு. இளைஞரின் கலத்தில் கற்றல் முதல் முயற்சியோடு முடிந்துவிட்டது. இரண்டாம் முறை இருந்தது நண்பர்களின் பாராட்டு. இதனை அவரே சொன்னார்.

தகடூர் என்னும் பழம்பெயர் கொண்ட அந்த ஊரில் அமர்ந்து இவற்றைப் பேசியது நமக்கு வேறொன்றையும் நினைவூட்டியது. அதியமான் நெடுமான் அஞ்சியின் மறைவிற்கு ஔவையார் இரங்கும் புறநானூற்றுப் பாட்டில், அவன் கள்ளைப் பகிர்ந்தளித்த பண்பு அன்போடு நினைக்கப்படுகிறது. ஈகையின் அடையாளமாகவே அங்குக் கள் நிற்கிறது. அதனை மறைக்க வேண்டியதில்லை. அதே ஊரில் சக ஆண்டு 815, அதாவது கி.பி. 893இல், நுளம்ப அரசன் மகேந்திரன் காலத்தில் நிதியண்ணன், சந்தியண்ணன் என்போர் ஒரு பசதி எழுப்பினர் என்று கல்வெட்டு கூறுகிறது. அமிர்தசந்திரர் காலத்தை ஒட்டியது அது. பின்னாளில் அதியமான் மரபில் வந்த விடுகாதழகிய பெருமாள், நாம் வழிபடும் போளூர்த் திருமலையில், சேர மரபினன் எழினி அமைத்த யக்ஷ யக்ஷி உருவங்களைப் புதுப்பித்தான். கள் பகிர்ந்த குடியின் பிற்கிளை அருகன் மலைக்கு வந்து நின்றது எவ்வாறு என்று எந்தக் கல்வெட்டும் விவரிக்கவில்லை. அதட்டலால் வந்திருக்காது என்று எண்ணிக்கொள்கிறோம்.

பாட்டியார் இத்தனையையும் கேட்டுக்கொண்டிருந்தார். இறுதியில், "அப்படியானால் என் கூழும் தப்புத்தானே?" என்றார். அவருக்கு நாம் உடனே விடை கூற முடியவில்லை. ஆரம்பி இம்சை என்று விளக்கத் தொடங்கினோம், அவர் கையமர்த்தினார். அஷ்டமி, சதுர்த்தசி நாட்களில் இனிப் புளித்த மாவு வேண்டாம், அன்று காய்ச்சி அன்றே உண்ணும் கஞ்சி போதும் என்று மருமகளிடம் சொல்லிவிட்டு, முறத்தை எடுத்துக்கொண்டு நிழலுக்குப் போனார்.

ஊர் திரும்பிய பின் இளைஞரிடமிருந்து ஒரு மடல் வந்தது. 30 லிட்டர் கொள்ளும் அந்த மூடியிட்ட நெகிழிக் கலத்தை விடுதி நண்பர் ஒருவர் கேட்கிறாராம். கொடுத்துவிடலாமா, அதுவும் குற்றமா என்று வினவியிருந்தார். தீங்கிற்கான கருவியைப் பிறர்க்கு ஈதல் இம்சாதானம் ஆகும், அதுவும் அநர்த்ததண்டத்தின் ஒரு பிரிவே என்று எழுதினோம். நன்றாகக் கழுவி அதில் அரிசி கொட்டி வைத்திருப்பதாகவும், மூடி இறுக்கமாக இருப்பதால் வண்டு விழுவதில்லை என்றும் அடுத்த மடலில் தெரிவித்திருக்கிறார்.