கொடையும் ஊதியமும்

பார்வையற்ற மாணவன் ஒருவனின் படிப்புச் செலவை ஏற்பது நல்லறம் என்பதில் நமக்குள் கருத்து வேறுபாடில்லை. அவனே பட்டம் பெற்று, வேலை கேட்டு நம் கடை வாயிலில் நின்றால், “பாவம், இவனால் எப்படி இயலும்?” என்று பணம் கொடுத்து அனுப்பிவிடுகிறோம். கொடை என்பது கொடுப்பவரின் மனத்தைப் பொறுத்தது. ஊதியமோ செய்த வேலைக்கு உரியது. அவன் கேட்டது ஊதியத்தை.

அரசுப் பணிகளில் 1995ஆம் ஆண்டுச் சட்டம் மாற்றுத்திறனாளிகளுக்கு 3 விழுக்காடு ஒதுக்கியது. 2016ஆம் ஆண்டுச் சட்டம் அதைக் குறைந்தது 4 விழுக்காடாக்கியது. தனியாருக்கு அக்கட்டாயம் இல்லை. ஆகவேதான் இக்கேள்வி நம் மனச்சான்றின் முன் வந்து நிற்கிறது.

‘செலவாகுமே’ என்பர் சிலர். கணினித் திரையில் உள்ளதைப் படித்துக் காட்டும் என்.வி.டி.ஏ. மென்பொருள் விலையின்றிக் கிடைக்கிறது. அறிவுசார் குறைபாடுடைய இளைஞர்க்குத்தான் சற்றுப் பொறுமை தேவை. வேலையைச் சிறுசிறு படிகளாகப் பிரித்து, ஒருவர் சில வாரங்கள் அருகிலிருந்து செய்து காட்டி, பின்னர் மெல்ல விலகிக்கொள்ள வேண்டும். ஆசிரியப் பயிற்சியில் நாம் சொல்லித் தந்ததும் இம்முறையே. அது வகுப்பறைக்கு மட்டும் உரியதன்று. பள்ளி இறுதியாண்டிலேயே வாரம் ஒருநாள் கடையில் பழகவிட்டால் இன்னும் நன்று.

சென்னையைச் சேர்ந்த பெனோ ஜெபின் 2015இல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்தபோது, முற்றும் பார்வையற்றோருள் முதல்வர் என்று போற்றினோம். தகும். ஆயினும் கணக்கெழுத வருபவனிடமும் அத்தகைய சாதனையை எதிர்பார்ப்பது முறையோ? மற்ற எழுத்தரிடம் அதைக் கேட்பதில்லையே!

வேலை சரியாக அமையாவிட்டால்? எல்லோருக்கும் போல் மூன்று மாதம் பார்க்கலாம். அம்மூன்று மாதத்திற்கும் சம்பளம் குறையலாகாது.