பெயின்ட் படக்கூடாத இடம்

காரின் பானெட்டைத் திறந்து, என்ஜின் மேலிருக்கும் டேப்பெட் கவரைக் கழற்றி, வீட்டு வராந்தாவிலேயே தேய்த்துப் பெயின்ட் அடிக்கிறேன் என்று சொன்னால், தருமபுரியில் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான். என் அம்மாவும் அதையே கேட்டார்: "அத யாரு பாக்கப் போறா கண்ணு?"

சாதாரணக் கேள்விதான். ஆனால் பெண் செய்யும் அழகு வேலைக்கு எப்போதும் ஒரு பார்வையாளர் இருந்தாக வேண்டும் என்ற எண்ணம் அதற்குள் இருக்கிறது. கோலம் தெருவுக்கு, துடைத்த கூடம் விருந்தாளிக்கு, பூவும் பொட்டும் ஊருக்கு. யாரும் பார்க்காத ஒன்றை அழகாக்குவதில் ஏதாவது அறம் இருக்கிறதா?

முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறேன். என்னுடையது பழைய மாருதி 800. 796 சி.சி., மூன்று சிலிண்டர். 1983 டிசம்பரில் விற்பனைக்கு வந்து, 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றுபோன வண்டி. என்ஜின் நன்றாக ஆறிய பிறகு பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்ற வேண்டும். குழாய்களும் வயர்களும் எது எங்கிருந்தது என்று போட்டோ எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றாக விலக்கினால் கவரைத் தூக்கலாம். திறந்த இடத்தில் தூசி விழாமல் சுத்தமான துணியால் மூடுவது அவசியம். எண்ணெய்ப் பிசுக்கை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, சோப்பு போட்டுக் கழுவி, கம்பி பிரஷ்ஷாலும் உப்புத்தாளாலும் துருவைத் தேய்த்தெடுக்க ஒரு பகல் போகும். பிறகு பிரைமர், அதன்மேல் சூடு தாங்கும் பெயின்ட், மெல்லிய பூச்சாக இரண்டு மூன்று முறை. சாதாரண பெயின்ட் என்ஜின் சூட்டில் உரிந்துவிடும். கவரின் விளிம்பில் கேஸ்கட் உட்காரும் இடத்தில் மட்டும் பெயின்ட் படவே கூடாது. டேப் ஒட்டி மறைக்க வேண்டும். பட்டால் கேஸ்கட் சரியாகப் பதியாமல் எண்ணெய் கசியலாம். கசிந்தது எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் விழுந்தால் புகையும், தீப்பிடிக்கவும் கூடும்.

தமிழ் படித்தவள் என்பதால் இங்கே எனக்கு ஒரு தடை வருகிறது. இந்த ஊர் தகடூராக இருந்த காலத்தில் அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவை, புறநானூற்றின் 95ஆம் பாட்டில் இருவரின் ஆயுதங்களையும் ஒப்பிடுகிறார். தொண்டைமானுடையவை பீலியும் மாலையும் அணிந்து, நெய் பூசப்பட்டு, காவலுள்ள மாளிகையில் இருக்கின்றன. அதியமானுடையவை நுனி முறிந்து கொல்லனின் சிறிய பட்டறையில் கிடக்கின்றன. அலங்காரமாக இருக்கும் கருவி உழைக்காத கருவி என்பது அதிலுள்ள ஏளனம். அப்படியானால் நான் செய்வதும் பீலி சூட்டுகிற வேலைதானா?

வகுப்பறையில் இந்தப் பாட்டைத் தூதுக்கும் வீரத்துக்கும் எடுத்துக்காட்டாக நடத்திவிட்டு நகர்ந்துவிடுகிறோம். மாளிகையில் இருப்பதையும் பட்டறையில் கிடப்பதையும் ஒரு பெண் அறிந்திருக்கிறாள், எது எதனால் முறிந்தது என்று அவளால் சொல்ல முடிகிறது என்பதுதான் எனக்கு முக்கியம். அவள் ஏளனம் செய்தது பட்டறைக்கே போகாத அழகை. ஆயுத பூஜை அன்று பானெட்டின் மேல் சந்தனமும் குங்குமமும் வைக்கப் பெண்களைக் கூப்பிடுகிறார்கள். பானெட்டைத் திறக்கும் லீவர் எங்கே இருக்கிறது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. மூடியிருப்பதை மூடியபடியே அழகாக்கத்தான் நாம் பழக்கப்படுத்தப்பட்டிருக்கிறோம்.

வழக்கம் மட்டுமில்லை, சட்டமும் இப்படிப் பேசியிருக்கிறது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 22ஆம் பிரிவில், ஓடிக்கொண்டிருக்கும் எந்திரத்தைத் தொட வேண்டியிருந்தால் அதைப் பயிற்சி பெற்ற வயது வந்த ஆண் செய்யலாம் என்றது. உடலோடு ஒட்டிய உடையை நிர்வாகமே அவருக்குத் தர வேண்டும் என்றது. பெண்களையும் இளம் வயதினரையும் ஒரே வரியில் சேர்த்து, ஓடும் எந்திரத்தைச் சுத்தம் செய்யவோ எண்ணெய் விடவோ கூடாது என்று தடுத்தது. ஆபத்து உண்மைதான். சேலைத் தலைப்பு பெல்ட்டில் சிக்கினால் உயிர் போகும். ஆனால் உடையும் பயிற்சியும் அந்த ஆபத்தைக் குறைக்கும் என்று அதே சட்டத்துக்குத் தெரிந்திருந்தது. பெண்ணுக்கு மட்டும் அவற்றைத் தராமல் தடையைத் தந்தது. காப்பதாகச் சொல்லி அறிவை மறுப்பதை அறம் என்று எப்படி ஏற்பது?

1888 ஆகஸ்டில் பெர்த்தா பென்ஸ், கணவர் உருவாக்கிய மோட்டார் வண்டியில், அவரிடம் சொல்லாமலே இரு மகன்களுடன் ஜெர்மனியின் மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை போனார். வழியில் எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டபோது தன் தொப்பி ஊசியால் அடைப்பை நீக்கினார். வண்டிக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்திருந்ததால் அலங்காரப் பொருள் கருவியானது.

எங்கள் மாவட்டத்தில் தொப்பூர் கணவாய் இருக்கிறது. சேலத்திலிருந்து இருட்டிய பிறகு தனியாக ஓட்டி வரும் பெண்ணுக்கு, உள்ளிருந்து வரும் வாடை எண்ணெய் தீய்வதா வயர் கருகுவதா என்று தெரிந்தாக வேண்டும். நிறுத்துவதா, மேட்டைத் தாண்டிவிடுவதா என்ற முடிவு அதைப் பொறுத்தது. ஆர்.சி. புத்தகத்தில் என் பெயர் இருந்தும், ஒரு ஒர்க்ஷாப்பில் "சார் வரலீங்களா?" என்று கேட்டுவிட்டு, நான் நிற்கும்போதே என் தம்பிக்குப் போன் போட்டுப் பழுதை விளக்கினார்கள். பில் மட்டும் என்னிடம் வந்தது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கல்லூரியில் சம்பளம் வாங்குகிறவள் ஞாயிற்றுக்கிழமை கை கறுக்க வேலை செய்தால் அதை விடுதலை என்கிறோம். பள்ளியை விட்டுவிட்டுப் பட்டறைக்கு வந்த பையனின் கை தினமும் கறுத்தால் தலையெழுத்து என்கிறோம். அழுக்கைத் தொடுகிறவர்களைக் கீழே வைத்த அதே சாதிச் சமூகம்தான் வசதியான வீட்டுப் பெண்ணை அழுக்கு படாமல் உள்ளே வைத்தது. ஒன்றை விட்டுவிட்டு மற்றதை மட்டும் எதிர்க்க முடியாது. எனக்கு ஸ்பேனர் பிடிக்கக் கற்றுத் தந்த மெக்கானிக்கை என் மாணவிகளிடம் 'என் ஆசிரியர்' என்றுதான் சொல்கிறேன்.

யாரும் பார்க்காத இடத்தை அழகாக்கலாம். ஆனால் எந்த இடத்தைப் பூசி மூடக் கூடாது என்று பூசுகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அது தெரிய, ஒருமுறையாவது அந்த மூடியைத் தன் கையால் கழற்றியிருக்க வேண்டும்.